மெதுவாக இருந்தது நான் இல்லை

மே 19, திங்கள்

இன்றும் மணிவண்ணன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "ஒரு ஆல்பத்துக்கு நாலு நாளா, மர்ஜியா? திருச்சியில ஒரே நாள்ல முடிச்சுடுறானுவ."

திரையைக் காட்டினேன். ஒரு படம் திறக்க மூன்று நிமிடம் நாற்பது வினாடி. அவ்வளவு நேரமும் என் கை மடியில் சும்மா கிடக்கிறது. இதில் நான் எங்கே வேகமாவது?

பெரம்பலூரில் இவர் ஸ்டுடியோவுக்கு எடிட்டிங் வேலைக்கு வந்து ஏழு வருடம். பங்குனியிலேயே சொன்னேன் – கம்ப்யூட்டரில் இடம் இல்லை, நான்கு வருடக் கல்யாணப் படம் அத்தனையும் உள்ளேயே கிடக்கிறது, வெளியே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், ரேம் கூட்டுங்கள் என்று. "பாக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மே 22, வியாழன்

எடிட்டிங் சாஃப்ட்வேரில் புது வர்ஷன் வந்திருக்கிறதாம். போட்டால் பறக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னானாம்.

"இப்ப வேணாம்ணே. முகூர்த்த மாசம். ஆடியில கல்யாணம் இருக்காது, அப்ப போடுவோம். ஏதும் கோளாறு வந்தாலும் சரி பண்ண அவகாசம் இருக்கும்" என்றேன். தலையை ஆட்டினார்.

மே 26, திங்கள்

போட்டுவிட்டார். நேற்று ஞாயிறு, நான் இல்லாத நாள் பார்த்து.

ஆல்பம் பக்கங்களை அடுக்கித் தரும் பிளக்-இன் புது வர்ஷனில் வேலை செய்யவில்லை. ஏழு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த செட்டிங்ஸ் ஒன்றுகூட இல்லை. படம் திறக்க இப்போது ஐந்து நிமிடம். சரி, பழைய வர்ஷனுக்கே போகலாம் என்றால் அதுவும் இல்லை. "இடம் பத்தலைன்னு காட்டுச்சு, அதான் அழிச்சுட்டேன்" என்கிறார். இடம் பத்தவில்லை என்பது கடைசியில் அவர் கண்ணுக்கும் பட்டிருக்கிறது. எதை அழித்திருக்கிறார் பார்.

விக்கிரமங்கலம் வினோதினியின் கல்யாண ஆல்பம் பாதியில் நிற்கிறது. அந்தப் பெண் ஜூன் 2 அன்று புருஷனோடு சிங்கப்பூர் போகிறாள். கையோடு கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

மே 30, வெள்ளி

ஒவ்வொரு பக்கமாகக் கையால் அடுக்குகிறேன். இன்று ஆறு பக்கம். கண் எரிகிறது.

ஜூன் 4, புதன்

ஆல்பம் நேற்றுத்தான் அச்சாகி வந்தது. பெண் திங்கட்கிழமையே போய்விட்டாள். "நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு சமாதானம் சொல்லிட்டு வந்துடு" என்று அண்ணன் அனுப்பினார். அரியலூர் போய், அங்கே பஸ் மாறி, விக்கிரமங்கலம்.

பெண்ணின் அம்மா கலியம்மாள் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "ஒங்க மொதலாளி சொன்னாரு தாயி. புருசன் வெளிநாட்டுல இருக்காராமே, ஒங்க வூட்டுல ஏதோ சண்டையாம். அதான் ஒனக்கு வேலையில புத்தி போவலைன்னாரு. பாவம், என்னா பண்ணுவ."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்க வூட்டுல ஒரு சண்டையும் இல்லைம்மா. கோளாறு கம்ப்யூட்டர்ல" என்றேன். அவர் நம்பவில்லை. நான் மறைக்கிறேன் என்று நினைத்து என் கையைத் தடவிக் கொடுத்தார்.

என் வூட்டை எதுக்கு இழுக்கணும்? அஸ்ஃபாக்கும் நானும் சண்டைன்னு இவர்கிட்ட யாரு சொன்னா? வேலை மெதுவுன்னு சொன்னதக்கூடப் பொறுத்துக்கிட்டேனே – இத எப்படிப் பொறுக்கிறது?

ஜூன் 5, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"கஸ்டமர்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிக்கணும்லம்மா. இதப் போயிப் பெருசு பண்ணிக்கிட்டு."

"ஒங்க வூட்டுல சண்டைன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்லண்ணே."

முகம் மாறிவிட்டது. "பாத்துப் பேசு" என்றார்.

"விக்கிரமங்கலத்துக்குப் போன் பண்ணி என்மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. அப்புறம் வரேன்." பையை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் 7, சனி. பக்ரீத்

ஷார்ஜாவிலிருந்து அஸ்ஃபாக் பேசினார். எல்லாம் சொன்னேன். "விட்டுத் தொல, வூட்டுல இரு" என்றார்.

"ஒங்க மேனேஜர் ஏசுனா நீங்க வேலைய விட்டுட்டு வந்துருவீங்களா?"

சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் போன் செய்தார். திருச்சியிலிருந்து கூட்டி வந்த டிசைனர் இரண்டே நாளில் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாராம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கோகுலகிருஷ்ணன் வந்து பார்த்தாராம்.

"அவரு கண்டுபுடிச்சுட்டாரும்மா. உள்ள இடமே இல்லையாம். பழைய கல்யாணத்தையெல்லாம் வெளிய எடுக்கணுமாம். ரேமும் பத்தாதாம்."

கண்டுபிடித்துவிட்டாராம். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, இதே வரிசையில், இவர் முன்னால் நின்று சொன்னேன். அப்போது அது காதில் ஏறவில்லை. பேன்ட் போட்டவர் வாயிலிருந்து வந்தால்தான் ஏறும்போல.

"விக்கிரமங்கலத்துக்குப் பேசிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

கலியம்மாள் கூப்பிட்டார். "ஒங்க மொதலாளி பேசுனாரு. ஒம்மேல தப்பில்லையாம். மிஷினு பழுதாயிடுச்சாம்."

மிஷின் தானாகப் பழுதாகவில்லை. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் போன் செய்திருக்கிறார்.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன் தாயி. என் தம்பி மவளுக்கு ஆவணியில கல்யாணம். படத்தை நீதான் பாக்கணும்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். ரேம் கூட்டி, புது டிஸ்க் மாற்றியிருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் பழைய வர்ஷனையும் திரும்பப் போட்டுக் கொடுத்திருந்தார். படம் பதினொரு வினாடியில் திறந்தது. மதியத்துக்குள் பதினாறு பக்கம்.

அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தார். "இப்ப நல்லா ஸ்பீடாயிட்டியே" என்றார்.

"எப்பவும் எனக்கு இதே ஸ்பீடுதாண்ணே."

முன்பக்கம் போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கடையில் கஸ்டமர் இல்லை. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பழைய வர்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் புதியதைப் போட்டேன். பிளக்-இன்னுக்கும் புதியது வந்திருந்தது. மூன்று பழைய ஆல்பங்களைத் திறந்து சோதித்தேன். ஒன்றில் மட்டும் எழுத்து நகர்ந்திருந்தது, சரி செய்தேன்.

கடைசியாக கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதியது என்னவென்று அண்ணன் கேட்டார்.

"அப்டேட் ஏதாவது வந்தா சொல்லுங்கண்ணே. நான் பாத்துப் போட்டுக்கிறேன்" என்றேன்.

"சரி" என்றார். மறுபடி கேட்கவில்லை.