உப்பில் புதைத்த மாம்பழம்

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
22-5-1956

அன்புள்ள அத்தானுக்கு அற்புதம் எழுதுவது. நானும் பிள்ளை ஜெபமாலையும் மாதா தயவில் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். பாதிக் கடிதம் செவ்வந்தியின் மாம்பழமாகவே இருந்தது.

நான் அனுப்பிய கூடை கொழும்பு வந்து சேர்ந்தபோது புளித்து ஒழுகியதாம். உங்கள் கடைத் தனுஷ்கோடியின் பெண்சாதி செவ்வந்தி அனுப்பியது எட்டாம் நாளும் கெட்டியாக இருந்ததாம், அறுத்தால் கடை முழுக்க மணத்ததாம். அவள் கைப்பக்குவம் அப்படி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு ஒரே கடையில் வேலை செய்கிறவரின் பெண்சாதி கையைப் பற்றி உங்களுக்கு என்ன பேச்சு? எனக்கு வயிறு எரிந்தது. அன்று உலையே வைக்கவில்லை.

நான் என்ன குறை வைத்தேன்? மரத்திலேயே பழுத்ததாகப் பார்த்து வாங்கி, மீனுக்குப் போடுகிற மாதிரி மேலும் கீழும் கல்லுப்புப் போட்டுத்தான் அனுப்பினேன். உப்புப் போட்டால் எதுவும் கெடாது என்று நம்பினேன்.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, ரயிலேறி உச்சிப்புளிக்குப் போய் அவளிடமே கேட்டேன். உப்பு என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொல்லித் தந்தாள். விளைந்த காயாகக் காம்போடு பறிக்க வேண்டுமாம். காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துப் பால் வடியவிட்டு, கை பொறுக்கிற வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, நிழலில் உலர்த்தி, காய்ந்த வைக்கோலில் முட்டாமல் அடுக்க வேண்டுமாம். ஊருக்கு விவசாயம் சொல்லித் தர வரும் சர்க்கார் ஆள், கிராமசேவக், காட்டிக் கொடுத்தாராம். புறப்படும்போது, நான் அனுப்பி நீங்கள் அங்கே பங்கு கொடுக்கும் கருவாட்டைப் பற்றியே தன் வீட்டுக்காரர் எழுதுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

இந்தக் கப்பலில் கொழும்புக்கு வரும் ஹாஜா முகைதீன் அண்ணன் கொண்டுவரும் கூடையில் பத்துக் காய் இருக்கிறது. எல்லாம் என் கையால் செய்தது. தனுஷ்கோடிக்கு மறக்காமல் ஒன்று கொடுங்கள். அவர் தன் பெண்சாதிக்கு எழுதட்டும். அதே மரத்துக் காய் இரண்டை இங்கும் வைக்கோலில் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தனுஷ்கோடி போன பொங்கலுக்கு ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாராம். அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். உங்களுக்கும் அதே முதலாளி, அதே கப்பல். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாம்பழத்துக்கு எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா?

காய் பத்து நாள் தாங்க அவள் வழி சொன்னாள். வேறெதையும் நான் அவளிடம் கேட்கவில்லை. இந்தப் பழம் நன்றாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். நீங்களே வந்து சொல்லுங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கப்பலேற்றட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அற்புதம்மாள்