குட்டி ஃபேன் நின்ற பிறகு

கார்த்திகை, செவ்வாய் இரவு.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், மதர்போர்டு சிப்பின் மேல் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த குட்டி ஃபேனை இன்று கழற்றிவிட்டேன். சத்தம் போடாத புதுக் கூலரை, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டினேன். எப்போதோ மாற்றியிருப்பேன், என் வீட்டுக்காரி சரசுதான் விடவில்லை.

"அது பாட்டுக்குக் கத்தட்டும், வுடுங்க" என்பாள்.

"உனக்குத் தொணைக்கு ஒருத்தி கத்தறது புடிச்சிருக்குதா?" என்று சீண்டுவேன்.

ஸ்விட்சைப் போட்ட பிறகும் கடை அமைதியாகவே இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சரசு துணி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்ற நேரத்தில் அவள் மூச்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

"எத்தன நாளா இப்படி இருக்குது?"

"ஆடியில இருந்துங்க. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவீங்க. எங்கக்கா இப்படித்தான் போனா, வூடு திரும்பலியே. அந்தப் பழைய ஃபேனையே மாட்டிடுங்க" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

விடிந்ததும் இவளைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். வருவாளோ, மாட்டாளோ. பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். ஒரு மூச்சு முடிந்தால் அடுத்தது வரும்வரை பேனாவை நிறுத்திக்கொள்கிறேன்.