பூசைக்குக் கொடுத்த பெயர்

அன்பின் எமல்டா,

பத்திரமாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். மருமகள் சுதர்சினியும் பேரப்பிள்ளையும் சுகம்.

கொழும்பிலிருந்து வந்த விமானம் நம் கற்பிட்டிக்கு மேலால் பறந்தது. தலவிலக் கோயிலைக் கண்டதும் நம் வீட்டைத் தேடினேன். இதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு கடலைப் பார்த்தேன். அங்கங்கே வள்ளங்கள் நின்றன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நம் மகனுடைய வள்ளம் திரும்பாமல் ஒரு வருடமாகிவிட்டது என்று தெரிந்தும் பார்த்தேன்.

அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சுதர்சினி கேட்டாள். "மாமி சம்மதிக்கமாட்டா. நீங்களாவது வாங்கோ மாமா" என்றாள். அவன் திரும்பி வரவேண்டுமென்று நீ தலவிலவில் மாதாமாதம் பூசை கொடுப்பதைச் சொன்னேன்.

"நானும் அப்பிடித்தான் குடுத்துக்கொண்டிருந்தனான்" என்றாள்.

மறுநாள் அவளோடு கோயிலுக்குப் போனேன்.

சுவாமியார் நம் மகனின் பெயரைக் கிளைட்டன் என்று எழுதிக்கொண்டு, "உயிரோட இருக்கிறவருக்கோ, மரிச்சவருக்கோ?" என்று கேட்டார். சுதர்சினி என்னைப் பார்த்தாள். மரித்தவருக்கு என்று நான்தான் சொன்னேன், எமல்டா. சரியோ பிழையோ எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு காலை இங்கே பூசை. அதே நேரம் நீ அங்கே உன் பூசையில் இருப்பாய். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மனுசன்