நூற்றெண்பது ராட்டினங்கள்

பிப்ரவரி 11

சீனாவிலிருந்து நான் தருவித்த நூற்றெண்பது தொட்டில்களும் சுங்கக் கிடங்கில் மாட்டிக்கொண்டன. பொத்தானை அழுத்தினால் தானாக ஆடும் தொட்டில். பிஷ்கெக்கில் என் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கனிபெக் என்கிற சுங்க அதிகாரி ‘மின்சாரக் கேளிக்கைச் சாதனம்’ என்று எழுதிவிட்டார். அதாவது, பூங்காவில் சீட்டு வாங்கி ஏறுகிற ராட்டினத்தின் இனம். வரி மூன்று மடங்கு. அதைக் கட்டினால் கடையை மூட வேண்டியதுதான்.

“தானா ஆடுதுல்ல அக்கா? அப்ப அது தொட்டில் இல்ல” என்கிறார்.

வாஷிங் மெஷின்கூடத்தான் தானாகச் சுற்றுகிறது, அதிலும் சீட்டு வாங்கி ஏறுகிறோமா? இந்தப் பதில் வீடு வந்த பிறகுதான் தோன்றியது.

பிப்ரவரி 19

மேலதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். அவரும் ராட்டினம் என்கிறார். வக்கீல் எல்மிரா, “கோர்ட்டுக்குப் போயிடலாம் அக்கா. தொட்டிலையே தூக்கிட்டுப் போவோம்” என்றாள்.

மார்ச் 21

நூருஸ், புத்தாண்டுப் பண்டிகை. சுமோலோக் என்கிற முளைகட்டிய கோதுமைக் களியைக் கிண்டும்போது நல்லதை நினைத்துக்கொள்ள வேண்டும். நான் கனிபெக்கை நினைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 27

நீதிமன்றம். நடுவில் என் தொட்டில்.

“ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்” என்றார் நீதிபதி அம்மாள்.

வெறும் தொட்டிலையா? நான் ஓரடி பின்வாங்கினேன். எல்மிரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குமாஸ்தா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“அப்ப நீங்க போடுங்க” என்று கனிபெக்கைக் கூப்பிட்டார் நீதிபதி. பொத்தான் வரைக்கும் போன கை அப்படியே நின்றது.

“வேணாங்கம்மா. வெறும் தொட்டில ஆட்டக்கூடாது. என் மக மாசமா இருக்கா.”

“ராட்டினத்துக்கு ஏது சாஸ்திரம்? சும்மா ஆடட்டுமே.”

கனிபெக் தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது — இருமிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 9

தொட்டில்தான். தீர்ப்பு வந்துவிட்டது. எல்மிரா போனில் சொன்னதும் கடையில் நின்றபடியே அழுதேன். போர்வை வாங்க வந்தவள் பயந்துபோனாள்.

ஜூன் 2

கனிபெக் கடைக்கு வந்தார்.

“என்ன வேணும் தம்பி, ராட்டினமா?”

அவர் காது சிவந்துவிட்டது. “தொட்டில் அக்கா. பேரன் பொறந்திருக்கான். மொதத் தொட்டில் தாய்வீட்டுலேருந்துதானே போகணும்.”

விலையில் ஒரு சோம்கூடக் குறைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொட்டிலை வண்டிக்குத் தூக்கிப் போகும்போது, வழியில் அது ஆடிவிடக் கூடாதே என்று மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல நடந்தார்.