முப்பத்தொன்றாவது மீட்டர்

பாய்,

இன்சுலேஷன் டேப்பின் பசை வாசம் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இன்று மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பழைய கேபிள் லைனைப் பிரித்தேன். நீங்கள் மூன்று நாள் மழையில் மல்லுக்கட்டிய அதே லைன்தான்.

நெட்வொர்க் கேபிள் வாங்க நாம் சேலம் போனால் கடைக்காரருக்குப் பாதி நாள் போய்விடும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு சாண் கேட்டு வாங்கி, உறையை உரித்து, உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் ஒன்றைப் பிளேடால் சுரண்டுவீர்கள். செம்புப் பூச்சு போய் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பேசாமல் திருப்பி வைத்துவிடுவீர்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் என்று நான் கிண்டல் செய்வேன். லைன் போட்ட பிறகு, சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது.

"விளக்கு எரிஞ்சா கம்பி போய்ச் சேருதுன்னுதான் அர்த்தம் பங்காளி. வேகம் போய்ச் சேருமான்னு அதுக்கு என்னங்க தெரியும்?" என்பீர்கள். தொழிலில் கூட்டாளி என்பதால் நான் உங்களுக்குப் பங்காளி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் லைன் போட்ட அன்று வெள்ளிக்கிழமை. நீங்கள் தொழுகைக்குச் சேந்தமங்கலம் இறங்கியிருந்தீர்கள். ஆபீஸ் அறையிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு நான் தனியாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டாகப் போக வேண்டிய லைன். இன்னும் நாலு மீட்டர் இருக்கையில் பெட்டி காலி. இன்னொரு பெட்டிக்கு மலைப்பாதையில் எழுபது வளைவு இறங்கி ஏற வேண்டும். சோம்பல் மட்டுமில்லை, நீங்கள் வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பும்தான். மிச்சம் கிடந்த துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றிக் குழாய்க்குள் தள்ளிவிட்டேன்.

மறுநாள் நீங்கள் வந்து இரண்டு முனையிலும் பிளக் அடித்தீர்கள்.

"நடுவுல ஜாயின்ட் ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க பாய்."

எட்டு விளக்கும் எரிந்தது. கம்ப்யூட்டரும் வேகம் ஆயிரம் என்று காட்டியது. செம்பைச் சுரண்டிப் பார்த்த மனுஷர் என்னைச் சுரண்டிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் வேகம் ஆயிரத்திலிருந்து நூறாகிவிட்டது. விளக்கு மட்டும் எட்டும் எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் பிளக்கை வெட்டி வெட்டி மறுபடி அடித்தீர்கள். கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்று உங்களுக்குக் குடை பிடித்தவன் நான். மூன்றாம் நாள் தலைமையாசிரியரிடம், "என் கையிலதானுங்க எங்கியோ தப்பு. கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க" என்றீர்கள். அவர் இருக்கிற வேகமே போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில், பிளக் அடிக்கிற உங்கள் கிரிம்பிங் கருவியை என் மடியில் வைத்து, "இனிமே பிளக் அடிக்கிறது உங்க வேலை பங்காளி, நான் கம்பி இழுக்கறேனுங்க" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. இரண்டு வருஷம் நீங்கள் ஏணியில் ஏறிக் கம்பி இழுத்தீர்கள். போன மாசியில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் குழியில் மூன்று பிடி மண் போட்டபோதும் என் வாய் திறக்கவில்லை.

போன வாரம் பள்ளியில் பழையபடி ஆயிரம் வேகம் கேட்டார்கள். சேலத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய டெஸ்டரை இன்று செருகினேன். அது விளக்கு காட்டுகிற ஜாதி இல்லை. கோளாறு எத்தனையாவது மீட்டரில் என்றே சொல்லிவிடும். முப்பத்தொன்று என்றது. அளந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

குழாயைப் பிரித்து ஜாயின்ட்டை வெட்டினேன். வெட்டிய முனைகளில் உங்கள் கருவியாலேயே பிளக் அடித்து, நீங்கள் அடித்த முனையோடு சேர்த்து இரண்டு துண்டையும் சோதித்தேன். இரண்டும் பாஸ், பாய். யாருங்க இப்படி முறுக்கி வெச்சது என்று புதிதாக வந்த கம்ப்யூட்டர் டீச்சர் கேட்டார். நான்தான் என்றேன். பழசுதானுங்களே, விடுங்க என்று அவர் போய்விட்டார். புது கேபிளை ஒரே துண்டாகப் போட்டு முடித்தேன்.

இறங்கும்போது நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் அடித்த அந்த இரண்டு பிளக்கையும் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் பாபி என்று கூப்பிடும் உங்கள் மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "பாய் கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சுங்க, கையும் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

பாபி என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்தார். அதில் உங்கள் மூக்குக்கண்ணாடிகள் மூன்று இருந்தன.

"ரெண்டு வருசத்துல மூணு கண்ணாடி மாத்துனாருங்க. எதுலயுமே சரியாத் தெரியலைன்னாருங்க."

பிளக்குகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பையிலிருந்து எடுக்க முடியவில்லை. இன்னமும் என்னிடம்தான் இருக்கின்றன.