நான் எடுக்காத முதலை

"யாருமே கடிக்கலையே, அப்புறம் முதலை எப்படிச் சாகும்?"

பள்ளிப் பிரின்சிபல் பல வருடங்களுக்கு முன்பு ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துக் கேட்டது. போன வாரம் அதே கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. சிங்கப்பூரில், செங்காங் கடைத்தொகுதியில் மூக்குக்கண்ணாடி தயாராக அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்துக் கடையில் சீட்டு விளையாட மேசை போட்டிருந்தார்கள், அங்கே போய் உட்கார்ந்தேன். இருபது வயதுப் பெண்கள் இரண்டு பேர் பளபளக்கும் விலங்குச் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

"சண்டைதான் முடிஞ்சிருச்சே, இப்ப எப்படிச் சாகும்?" என்றாள் ஒருத்தி.

"பவர் குடுத்த கார்டு போயிருச்சு லா. வாங்கின அடி அப்படியேதானே இருக்கு?" என்றாள் மற்றவள்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அந்தக் கடைகளெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, எழுபதுகளின் கடைசியில், நீ இதே மாதிரி ஒரு விளையாட்டைச் செய்துவிட்டாய். நம் தமிழ்ப்பள்ளியில் நீ கணக்கு டீச்சர். நான் தமிழ் டீச்சர், உன்னைவிட எட்டு வயது மூத்தவள். உன் வகுப்பில் கழித்தல் வராத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னாலே அவர்களுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவர்களுக்காகத்தான் புதுச் சட்டைக்குள் வரும் அட்டைகளை வெட்டி, புலி, முதலை, உடும்பு என்று வரைந்தாய். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: கடிக்கு ஒன்று, உயிருக்கு ஒன்று. காயம் உயிரை எட்டினால் விலங்கு செத்தது. காயத்துக்கு அடையாளம், சிராங்கூன் ரோட்டுத் தையல்கடையில் கேட்டு வாங்கிய கறுப்புப் பொத்தான்கள்.

மழைச் சீட்டுதான் உனக்குச் செல்லம். அது மேசையில் கிடக்கும்வரை முதலைக்கு உயிர் இரண்டு கூடும். அதை எடுத்துவிட்டால் கூடியதும் போய்விடும். வாங்கிய காயம் மட்டும் அந்தச் சுற்று முடியும்வரை போகாது. இன்னொரு விதியும் வைத்தாய். செத்த விலங்கை அதன் சொந்தக்காரர்தான் எடுக்க வேண்டும், எதிராளி தொடக்கூடாது.

"நான் எடுத்தா பிடுங்கின மாதிரி இருக்கும்க்கா. அவங்களா எடுத்தாத்தான் கணக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்," என்றாய்.

எனக்கு அந்த மழைக் கணக்குப் புரிய மூன்று சனிக்கிழமை ஆயிற்று, ஃபேரர் பார்க் காப்பிக்கடையில். புரிந்ததும் என் வழக்கப்படி உதாரணம் சொன்னேன். மூன்று புத்தகம் தாங்கும் பலகை ஒன்று. அடியில் கட்டை கொடுத்தால் ஐந்து தாங்கும். நான்கு புத்தகத்தை வைத்துவிட்டுக் கட்டையை உருவினால் பலகை விழும். அந்த நேரத்தில் யாரும் புதிதாகப் புத்தகம் வைக்கவில்லை, ஆனாலும் விழும். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"பிரின்சிபல் கேட்டா இதை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா கணக்கு டீச்சர் மாதிரியே இருக்கும்."

அவர் சம்மதித்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை விளையாட்டு. இல்லையென்றால் பழைய பயிற்சித்தாள்களே. அதற்காகத்தான் எல்லோரும் சுற்றி நிற்க, நாம் இருவரும் ஆடிக் காட்டினோம்.

என் முதலைக்கு உயிர் மூன்று. மழையால் ஐந்து. உன் புலி கடித்ததில் நான்கு காயம். நான்கு பொத்தான்களையும் அதன் முதுகில் நானே அடுக்கினேன். முதலை பிழைத்துக்கொண்டது.

"தோல் கெட்டி சார், டீச்சர் மாதிரியே," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சீனியரை அவ்வளவு சுலபமா அசைக்க முடியுமா?" என்றார் பிரின்சிபல். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

அப்போது நீ வெயில் சீட்டைப் போட்டு மழையை எடுத்தாய். உயிர் மூன்று, காயம் நான்கு. கையைக் கட்டிக்கொண்டு, நான் முதலையை எடுப்பதற்காகக் காத்திருந்தாய். நான் எடுக்கவில்லை. உன் விதிப்படி நீ அதைத் தொடவும் முடியாது.

அப்போதுதான் பிரின்சிபல் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொன்னது இது: "எனக்கும் அதான் சார் புரியல. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

நான் மறந்துவிட்டேன் என்றுதான் நீ நினைத்தாய். குனிந்து, மெதுவாக ஞாபகப்படுத்தினாய். "அக்கா, அந்தப் பலகை..."

"என்ன பலகை?" என்றேன்.

"ரெண்டு டீச்சருக்கே ஒத்து வரல. பிள்ளைங்க என்ன செய்வாங்க?" என்று சொல்லிவிட்டுப் பிரின்சிபல் எழுந்துவிட்டார். நீ பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். அப்போதும் முதலையைத் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு நான்தான் அதைப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாய். "சாரிக்கா. நான் உங்களுக்குச் சரியா சொல்லித் தரல. அதான் எல்லார் முன்னாடியும் குழம்பிட்டீங்க."

"பரவாயில்ல, விடு," என்றேன்.

பெட்டியை நீ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாய். உன் பிள்ளைகள் பயிற்சித்தாள்களுக்கே திரும்பினார்கள். வருடக் கடைசியில் கணக்கில் தேறாதவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகும் நாம் நன்றாகத்தான் பழகினோம். கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்தேன், தீபாவளிக்கு நீ என் வீட்டுக்கு வந்தாய். சொல்ல எத்தனையோ வேளை வாய்த்தது. புத்தகப் பலகை உதாரணத்தை வேறு பாடங்களுக்குக்கூடப் பயன்படுத்தி, நல்லாசிரியர் என்று பெயர் வாங்கினேன். நீ போன பிறகு, தேவாலயத்தில் உன் அடக்கத் திருப்பலியன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுமைன்னா உங்களைத்தான் அம்மா சொல்வாங்க, ஆன்ட்டி," என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நீ என்னிடம் கேட்டாய். நானும் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு, பழைய டீச்சராக ஒன்றே ஒன்று. அடுத்த முறை யாருடனாவது விளையாட உட்காரும்போது, உங்களைத் தோற்கடிக்கும் விதியை எதிராளி சொல்வதற்கு முன் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.