அலமாரியில் அம்மாவின் பக்கம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

அப்பாவின் வீட்டை விற்கத் தம்பி உன்னிடம் சாவி கேட்டானாமே. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். இங்கே ஒரே ஊரில் இருந்தும் என்னை ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடாதவன், ஓய்வு பெற்ற அப்பாவையும் அம்மாவையும் விமானம் ஏற்றிக் கூட்டிவந்தது பாசத்தாலா?

அப்பா பூங்காவில் நடந்துவிட்டுப் புதுத் தொப்பியோடு வந்தார். "இங்கேயே இருந்துடலாம்னு இருக்கோம்டா. உங்கம்மாவுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார். அம்மா தலையாட்டினாள். தம்பி சொல்லிக்கொடுத்த பாடம் என்றே நினைத்தேன். கை கழுவும் சாக்கில் அவர்கள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அம்மாவின் பக்கம் காலி. வந்து மாதக்கணக்காகியும் அவள் புடவைகள் கட்டிலடியில் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

பஸ் நிறுத்தம்வரை அம்மா கூட வந்தாள். "தம்பி மிரட்டுறானாம்மா?" என்றேன்.

"அவனை எதுக்கு இழுக்கற? உங்கப்பாவுக்குத்தான் இந்த ஊர் ஆசை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு வாய் வரலை. மருமககிட்ட சொல்லு, சாவியை யாருக்கும் குடுக்க வேண்டாம். உங்கப்பாவே கேட்டாலும்."

தம்பி மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. அது கிடக்கட்டும். யாராவது இங்கே வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்பு. நீ போர்த்தியதானாலும் பரவாயில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அப்பா கேட்டால் சாவியை நான் இங்கே எடுத்துவந்து தொலைத்துவிட்டேன் என்று சொல். திட்டினால் என்னைத்தானே திட்டுவார், எனக்குப் பழக்கம்தான்.

உன் வீட்டுக்காரன்